பனிச்செங்கல் அச்சு: பெட்டிக்குள் இருப்பதில் எது வேலைக்கு ஆகும்?

பனிக்கோட்டை கட்டுவதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் தொகுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சாமான்தான். செங்கல் அச்சு ஒன்றோ இரண்டோ, கோபுர உச்சிக்கு ஒரு சின்ன அச்சு, பிளாஸ்டிக் கரணை, பனிப்பந்து பிடிக்கும் இடுக்கி. இவற்றில் காசு கொடுக்கத் தகுந்தது செங்கல் அச்சு மட்டும். அதற்கும் பனி சரியான பதத்தில் இருக்க வேண்டும். பதம் தப்பினால் எவ்வளவு விலையுயர்ந்த அச்சும் தூளைத்தான் கொட்டும். "கல் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று அச்சைத் திட்டுவதற்கு முன் பனியைப் பார்க்க வேண்டும்.

பதம் பார்ப்பது சுலபம். கையுறையோடு ஒரு பிடி அள்ளி நன்றாக அழுத்துங்கள். கையைத் திறந்ததும் பொடியாக உதிர்ந்தால் உலர்பனி, அச்சுக்கு ஆகாது. பிடித்த வடிவம் அப்படியே நின்று, இரண்டாகப் பிட்டால் சுத்தமாகப் பிளந்தால் அதுதான் கல் பனி. விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிஞ்சிவிட்டது. கல் வரும், ஆனால் கனத்துத் தன் எடையிலேயே சரியும். பனியை ஈரத்தை வைத்துத் தரம் பிரிக்கும்போது, கனஅளவில் 3 சதவீதம் வரை நீர் இருந்தால் ஈரப்பனி, 3 முதல் 8 வரை நனைந்த பனி என்பார்கள். அச்சுக்கு ஏற்றது ஈரப்பனியும், நனைந்த பனியின் தொடக்கமும். காற்றின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி நிற்கும் பகல்களில் இது தானாகவே கிடைக்கும்.

மைனஸ் 10 டிகிரியில் விழுந்த மாவுப் பனி மட்டுமே இருந்தால் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். பாதி உண்மை. அவ்வளவு குளிர்ந்த ஒரு கிலோ பனியை 0 டிகிரிக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 60 மில்லி தண்ணீர் உறைந்து தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஊற்றுவதுதான் ஈரமாக நிற்கும். குவளையால் ஊற்றினால் ஊற்றிய இடம் ஐஸ் உருண்டையாகும், சுற்றிலும் மாவு மாவாகவே கிடக்கும். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் மெல்லிய தூறலாக அடித்து, மண்வெட்டியால் புரட்டி, மறுபடி அடிக்க வேண்டும். பெரிய சுவருக்கு இந்தப் பாடு கட்டாது. அதைவிட மேல், பனியைக் குவித்து மண்வெட்டியால் நன்றாகக் கலந்து, மிதித்து, இரண்டு மணி நேரம் விட்டுவிடுவது. உடைந்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று தொட்ட இடங்களில் பிணைந்து இறுகும். இறுகிய குவியலைப் பனி ரம்பத்தாலோ தட்டையான மண்வெட்டியாலோ கல்லாக அறுத்து எடுக்கலாம். அன்றைக்கு அச்சு தேவையே இல்லை.

இனி அச்சு. முதலில் புரட்டி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன், 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். இரண்டும் கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். சாதாரண ரகம் 0 டிகிரியை ஒட்டியே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கல்லை விடுவிக்க ஒரு தட்டு தட்டினால் மூலையில் விரியும். குளிர் தாங்கும் ரகமும் அதில் உண்டு, ஆனால் அந்த எண் அதைச் சொல்லாது. 6 என்றால் திரும்ப வைத்துவிடலாம். எண்ணே இல்லை என்றால் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: கொஞ்சம் உள்வாங்கி மீள வேண்டும்.

அடுத்தது சரிவு. அச்சின் வாய், அடியைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். நேர்ச்சுவராக வார்த்த அச்சு படத்தில் அழகாக இருக்கும். கல் வெளியே வராது. அடி மூடிய அச்சில் ஒரு சின்னத் துளையும் வேண்டும். இறுக்கிய கல்லுக்குப் பின்னால் காற்று புக வழியில்லாவிட்டால் அச்சு கல்லை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். துளை இல்லாத அச்சில் 6 மி.மீ. துளை ஒன்றை நாமே போடலாம். வீட்டுக்குள் வைத்துப் போடுங்கள், குளிர்ந்த பிளாஸ்டிக் துளைக்கும்போதே விரியும். கைப்பிடியைத் தடித்த கையுறையோடு பிடித்துப் பாருங்கள். வெறும் கைக்கு அளவெடுத்து வார்த்த கைப்பிடிகள் நிறைய உண்டு, அவை எதற்கும் உதவா. விரல் நுழைய 4 அல்லது 5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 20×10×10 செ.மீ. அச்சு குழந்தைக் கைக்கு வாகானது என்று தோன்றும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரத்துக்கு அதில் 100 கல் வேண்டும். அத்தனையும் அடுக்கினாலும் சுவரின் தடிமன் 10 செ.மீ.தான், நாலு பனிப்பந்துக்குத் தாங்காது. 30×20×15 செ.மீ. அச்சில் வரும் கல் 4 கிலோவுக்குக் குறையாது. பெரியவர்களுக்குச் சரி, சிறுவர்கள் பத்துக் கல்லிலேயே ஓய்ந்துவிடுவார்கள். நடுவில் 25×15×12.5 செ.மீ. அளவை ஒட்டிய அச்சுதான் பொருத்தம். கல் ஏறக்குறைய 2 கிலோ. கீழ் 3 வரிசையைக் குறுக்கே வைத்து 25 செ.மீ. தடிமனாகவும், மேல் 5 வரிசையை நெடுக்கே வைத்தும் கட்டினால் அதே 2 மீட்டர் சுவருக்கு 80 கல் போதும். மொத்தம் 160 கிலோ பனி. புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால், 20 செ.மீ. ஆழத்தில் 8 சதுர மீட்டர் பரப்பை வழித்தெடுக்க வேண்டும். உடைசலுக்கும் இடுக்கு அடைக்கவும் சேர்த்து 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றம் சின்னதாக இருந்தால் கோட்டையின் அளவைப் பனிதான் முடிவு செய்யும்.

அச்சை வேலைக்கு 20 நிமிடம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். வீட்டுச் சூட்டோடு இருக்கும் அச்சில் பனியை இட்டால் ஓரம் உருகி, உடனே உறைந்து, கல் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். செங்கல் அறுப்பவர்கள் அச்சில் மணல் தூவுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும். நிரப்பும்போது 5 செ.மீ. அளவு இட்டு, மூலைகளை முதலில் அழுத்தி, பிறகு நடுவை அழுத்துங்கள். முழுக்க நிரப்பிவிட்டு மேலே ஓங்கிக் குத்தினால் மேல்பகுதி மட்டும் இறுகும். அடி மூலைகள் பொலபொலவென்று நின்று, கவிழ்த்ததும் உதிரும். கடைசியில் ஒரு பலகையால் வாயை மட்டமாக வழித்துவிட வேண்டும். மேடு விட்ட கல் வரிசையில் ஆடும். கவிழ்த்து, அடியில் ஒரே ஒரு தட்டு, நேராக மேலே தூக்கல். பக்கவாட்டில் ஆட்டி எடுத்தால் விளிம்பு போகும்.

அஸ்திவாரத்தைப் பற்றி எந்தப் பெட்டியிலும் சரியாக எழுதுவதில்லை. மிதிக்காத பனி மேல் வைத்த சுவர் ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய அமிழ்ந்து நடுவில் பிளக்கும். சுவர் வரும் தடத்தைச் சுவரைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு மிதித்து, அரை மணி நேரம் இறுக விட்டு, அதன்பின் முதல் வரிசை. நேர்ச்சுவரைவிட அரைவட்டச் சுவர் நன்றாக நிற்கும். நேராகத்தான் வேண்டும் என்றால் இரு முனையிலும் உள்பக்கம் மடக்கி மூலை கட்டுங்கள். இணைப்பு மேல் இணைப்பு வராதபடி ஒன்றுவிட்ட வரிசைக்கு அரைக்கல்லில் தொடங்குவது எந்தக் கொத்தனாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பனிக்கல்லில் அதைத் தவறவிட்டால் விளைவு அன்றைக்கே தெரியும்.

சரிவு வைத்த அச்சில் வரும் கல் அடியில் அகன்று மேலே ஒடுங்கும். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இடையில் மேல்வாய் அகன்ற இடுக்கு விழும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த இடுக்கில் ஈரப்பனியை இரு பக்கமிருந்தும் அழுத்தி அடைத்தால் அதுவே ஆப்பாக நின்று கற்களைப் பிணைக்கும். கற்களைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்தால் இடுக்கே விழாது, பார்வைக்கும் ஒழுங்கு. ஆனால் அப்போதுதான் எடுத்த கல்லைத் திருப்பினால் கையிலேயே பிளக்கும். கால் மணி நேரமாவது விட வேண்டும்.

கோபுர அச்சு, பிளாஸ்டிக் கரணை இரண்டும் அலங்காரம். சாதாரண இரும்புக் கரணை ஒன்று நூறு மடங்கு மேல். இடுக்கி வேலை செய்கிறது, குழந்தைகளுக்கும் பிடிக்கிறது. சில பெட்டிகளில் வரும் வண்ணத் தெளிப்பான்களை வெயில் படும் பக்கம் அடிக்காதீர்கள். அடர் நிறம் வெயிலை அதிகம் வாங்கும்; வண்ணம் பட்ட இடம் முதலில் குழிந்துபோகும்.

மாலையில் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெளிப்பக்கத்துக்கு ஐஸ் பூச்சு கொடுக்கலாம். மெல்லிய தூறலாக ஒரு கை, அது உறைந்ததும் இன்னொரு கை. வாளித் தண்ணீரை வீசினால் சுவரில் ஓடை விழும். சுவரின் மேல்விளிம்புக்கு மட்டும் பூச வேண்டாம். குழந்தைகள் முகம் மோதும் உயரம் அது.

பெட்டியின் மேல் கூரை போட்ட கோட்டை, உள்ளே சிரிக்கும் குழந்தைகள் என்று படம் இருந்தால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். 30 செ.மீ. தடிமனுள்ள பனிக்கூரை ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். சரிந்தால் உள்ளே இருப்பவர் கையை அசைக்க முடியாது, மூச்சும் நிற்கும். குழந்தைகளின் கோட்டைக்குக் கூரையும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம், சுவர் 1.2 மீட்டருக்குள் நிற்கட்டும். சாலையோரம் ஒதுக்கிய பனிமேட்டில் கட்டவே கூடாது. பனி தள்ளும் வண்டி ஓட்டுபவருக்கு மேட்டுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது.

வீட்டில் 5 முதல் 8 லிட்டர் அளவில், வாய் அகன்ற பாலிஎத்திலீன் சேமிப்புப் பெட்டி ஏற்கெனவே கிடந்தால் தொகுப்பு வாங்கவே தேவையில்லை. கைப்பிடி ஒன்றுதான் குறை. வட்ட வாளி சுவருக்கு உதவாது, மூலைத் தூணுக்கு நன்றாக உதவும். வாங்குவதென்றால் ஒரே அளவில் இரண்டு அச்சு வாங்குங்கள்: ஒருவர் நிரப்ப, ஒருவர் கவிழ்க்க வேலை நிற்காமல் ஓடும். முடிந்ததும் இரண்டையும் ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று செருகி வெளியே விடாதீர்கள். உறைந்து ஒட்டிக்கொண்டதை நெம்பிப் பிரிக்கும்போதுதான் நல்ல அச்சும் உடைகிறது. அப்படி ஒட்டிவிட்டால் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் போதும், தானே கழன்று வரும்.