பட்டம் முதலா, பதிவு முதலா? ஜி.என்.எம். நர்சுகளுக்கான வெளிநாட்டுக் கணக்கு

ஜி.என்.எம். எனும் நர்சிங் டிப்ளமோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்து, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நாலைந்து வருடம் வார்டு பார்த்த பெண்ணுக்கு இன்று வெளிநாட்டுப் படிப்பு என்றால் முதலில் காதில் விழுவது இங்கிலாந்தின் ஒரு வருட டாப்-அப் பட்டம்தான். அங்கே ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது பாட அளவு, வேண்டும். நம் டிப்ளமோவை 240-க்கு ஈடாக எடுத்துக்கொண்டால், மிச்சம் 120-ஐ ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். இதுவரை ஏஜென்ட் சொல்வதில் பொய் இல்லை.

சொல்லாமல் விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. டாப்-அப் முடித்தால் பட்டம் வரும், நர்ஸ் பதிவு வராது. கவுன் போட்டுப் போட்டோ எடுக்கலாம், வார்டில் ஊசி போட முடியாது. அங்கே நர்சாக வேலை செய்ய, என்.எம்.சி. எனும் அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கான வழி தனி: கணினித் தேர்வு, ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு. அந்த நாட்டிலேயே நர்சிங் படிக்கிறவர்களுக்கு 2013 முதல் பட்டம் கட்டாயம். வெளிநாட்டில் பதிவான நர்சுக்கு அப்படி இல்லை, ஜி.என்.எம். டிப்ளமோவோடே இந்தத் தேர்வுகளை எழுதலாம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவரிடம் இதை விளக்கியபோது, "அப்ப எதுக்குத் தம்பி அம்புட்டுப் பணம் கட்டச் சொல்றாக?" என்றார்.

பணத்தையும் 2025 நிலவரப்படி பார்த்துவிடுவோம். என்.எம்.சி. வழியில் தகுதிச் சரிபார்ப்பு 140 பவுண்டு, கணினித் தேர்வு 83, ஆஸ்கி 794, பதிவு 153, கூட்டினால் 1,170. டாப்-அப்பில் வெளிநாட்டு மாணவருக்கான கல்விக் கட்டணமே பத்தாயிரம் பவுண்டுக்குக் கீழே கிடைப்பது அரிது. அதற்கு மேல் வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம், விசா, வாடகை. கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. 2024 ஜனவரியிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர் கணவனையோ பிள்ளைகளையோ கூட்டிப்போகவும் முடியாது. கைக்குழந்தை இருக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு விதியே போதும், வேண்டாம் என்று முடிவெடுக்க. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டுத் தலைமுறை வட்டிக் கணக்குப் பார்க்காமல் கப்பல் ஏறவில்லை. நகையை அடகு வைத்துக் கிளம்புகிற இந்தத் தலைமுறையும் ஐந்தொகை எனும் வரவு செலவுக் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

அப்புறம் ஏன் இதற்கு இவ்வளவு கிராக்கி? ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வுதான் காரணம். என்.எம்.சி. எதிர்பார்க்கும் மதிப்பெண்: படிப்பது, காதால் கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதினால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். பல்கலைக்கழகங்களோ 6, 6.5 இருந்தாலே பெரும்பாலும் சேர்த்துக்கொள்கின்றன. ஏழு வராமல் சோர்ந்து போனவர்களை ஆறுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த ஏழு எங்கும் போய்விடுவதில்லை. காரைக்குடியில் அம்மா சமையலில் இருந்துகொண்டு எழுத வேண்டியதை, அங்கே பவுண்டில் வாடகை கொடுத்துக்கொண்டு எழுத வேண்டும். முன்பெல்லாம் படிப்பு முடிந்ததும் கேர் ஒர்க்கர் எனும் பராமரிப்பு வேலைக்கான விசாவுக்கு மாறிச் சமாளித்தவர்கள் உண்டு. 2025 ஜூலையில் அந்த விதிகளை இறுக்கிவிட்டார்கள். படிப்புக்குப் பின் தங்கும் கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி முதல் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

பதிவு முதலில், பட்டம் பிறகு என்ற வழியும் பூப்பாதை இல்லை. ஆஸ்கியில் பத்து நிலையங்கள், அதாவது பத்துத் தனித்தனிச் சோதனைகள். பதினைந்து வருடம் ஊசி போட்ட கை என்றாலும், மாத்திரை கொடுக்கும் முன் கைப்பட்டையில் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்க வேண்டும், அலர்ஜி உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டதை எழுதவும் வேண்டும். நம் வார்டில் நாற்பது பேருக்கு ஓடி ஓடி மருந்து கொடுத்த பழக்கம் அங்கே காலை வாரிவிடும். போதாததற்கு, இங்கிலாந்து மருத்துவமனைகள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையும் குறைத்துவிட்டன. காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வேலை கிடைத்துவிட்டால் கதை வேறு: 2025-26-ல் அரசு மருத்துவமனையில் பேண்ட் 5, அதாவது புதிதாகச் சேரும் நர்சின் சம்பளப் படியில், தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டே அதே டாப்-அப்பைப் பகுதி நேரமாகப் படிக்கலாம்; சில மருத்துவமனைகள் பாடக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. அடுத்த படியான பேண்ட் 6-க்குப் போகும்போது அந்தப் பட்டம் உண்மையிலேயே உதவும்.

சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே முதலில் வேலை தரும் மருத்துவமனை வேண்டும், அது இருந்தால்தான் நர்சிங் போர்டு பதிவு. சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ பதிவு பெற்ற நர்சாக 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்திரேலியா 2025-ல் பதிவுக்கான விரைவு வழி ஒன்றைத் திறந்தது. இதிலும் எடை கூடுவது பதிவுக்கும் அனுபவத்துக்கும்தான்.

மூன்றாவது வழி, ஊரிலேயே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதாவது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான நர்சிங் பட்டப் படிப்பு. ரெகுலர் என்றால் இரண்டு வருடம். வேலையை விட வேண்டும், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. இக்னோ எனும் திறந்தநிலைப் பல்கலைக்கழக வழியில் மூன்று வருடம். பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்து, பதிவுக்குப் பின் இரண்டு வருட அனுபவம் இருப்பவர் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், வேலையையும் விட வேண்டாம். இது கவர்ச்சியில்லாத வழி, விளம்பரமும் கிடையாது. ஆனால் வளைகுடாவை நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சவூதியில் டிப்ளமோக்காரரை டெக்னீஷியன் என்றும் பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்றும் தரம் பிரிக்கிறார்கள். சம்பளமும் அதைப் பொறுத்தது. பின்னால் எம்.எஸ்சி. படித்து இங்கேயே கல்லூரியில் பாடம் எடுக்க விரும்புகிறவருக்கும் இதுதான் நேர் வழி.

டாப்-அப் யாருக்குத்தான் சரி? ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் என்.எம்.சி. கேட்கும் 7 மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, கணினித் தேர்வையும் இங்கேயே முடித்துவிட்டு, கடன் வாங்காமல் கட்டணம் கட்ட முடிகிற, தனியாள் ஒருவருக்கு. அவருக்கும்கூட, சேர்க்கைக் கடிதத்தில் இந்தப் படிப்பு என்.எம்.சி. பதிவுக்கு வழிவிடாது என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள் என்பேன்.