பிடிஎஃப் அரேஞ்சர்: பக்கங்களைக் கலைத்து அடுக்க ஒரு நல்ல கருவி

அப்பாவின் பழைய குறிப்பேட்டை ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக ஆக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இந்த மென்பொருளைத் தேடிப் பிடித்தேன். 92 தாள், இரண்டு பக்கமும் எழுத்து, ஆக 184 பக்கம். என்னிடம் இருந்த ஸ்கேனர் தாளைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும்தான் படிக்கும். அதனால் முன்பக்கங்கள் எல்லாம் 1, 3, 5 என்று 183 வரை ஒரு கோப்பில் வந்தன. கட்டை அப்படியே திருப்பி வைத்து மறுபடி ஓட்டியதில் பின்பக்கங்கள் இன்னொரு கோப்பில் வந்தன, அதுவும் 184இல் தொடங்கி 2 வரை, பின்னாலிருந்து முன்னால். இதை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து வைத்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

பிடிஎஃப் அரேஞ்சரில் இதற்குச் சில நிமிடம்தான் ஆனது. பின்பக்கக் கோப்பைத் திறந்து, எல்லாப் பக்கங்களையும் தேர்ந்தெடுத்து, வரிசையைத் தலைகீழாக்கும் கட்டளையைக் கொடுத்தால் 2, 4, 6 என்று நேராகிவிடுகிறது. அப்புறம் அவற்றை நகலெடுத்து, முன்பக்கங்களுக்கு இடையில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒட்டவேண்டும். ஒற்றைப்படை இடத்திலா இரட்டைப்படை இடத்திலா என்று நாமே சொல்லலாம். அவ்வளவுதான், 184 பக்கமும் சரியான வரிசையில் நின்றுவிட்டன. இப்படிச் செய்பவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒட்டுவதற்கு முன் இரண்டு கோப்பிலும் பக்க எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை முன்பக்கம் 91தான் வந்திருந்தது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போயிருக்கிறது. கவனிக்காமல் ஒட்டியிருந்தால் அந்த இடத்துக்குப் பிறகு எல்லாமே பிசகியிருக்கும். விட்டுப்போன தாளைத் தனியாக ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பையும் சேர்த்து, அதன் இடத்துக்கு இழுத்து விட்டேன். ஒவ்வொரு சிறுபடத்துக்குக் கீழேயும் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது, எத்தனையாவது பக்கம் என்று போட்டிருப்பதால் எவ்வளவு கலைத்தாலும் குழப்பம் வருவதில்லை. தப்பு நடந்தால் கன்ட்ரோல் இசட் இருக்கிறது.

இது இலவசம், மூல நிரல் திறந்தது. பிடிஎஃப் ஷஃப்ளர் என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்தது, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடுகிறது. எல்லா வேலையும் நம் கணினியிலேயே நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். யோசித்துப் பாருங்கள், நாம் அவசரமாகச் சேர்க்கவும் பிரிக்கவும் நினைக்கும் கோப்புகள் பெரும்பாலும் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, வீட்டுப் பத்திரம் மாதிரியானவைதான். முன்பு ஒரு இணையதளத்தில் இதே வேலைக்குக் கோப்பை ஏற்றி, பக்கமெல்லாம் அடுக்கி முடித்து, சேமிக்கப் போகும்போது கணக்குத் தொடங்கினால்தான் தருவேன் என்றது. அதுகூடப் பரவாயில்லை, ஏற்றிய கோப்பு அங்கே என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தரம் குறையுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குறையாது. பிடிஎஃப் கோப்புக்குள் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் பொருளாக இருக்கிறது, அவற்றின் வரிசை ஒரு பட்டியல்போல வேறாக இருக்கிறது. பக்கத்தை இடம் மாற்றினால் அந்த வரிசைதான் மாறுகிறது, படத்தை யாரும் திரும்ப வரைவதில்லை. சிலர் வேண்டிய பக்கங்களை மட்டும் பிரிண்ட் கொடுத்து அதையே பிடிஎஃப்பாகச் சேமிப்பார்கள். அந்த வழியில் போனால் உள்ளே இருக்கும் இணைப்புகள் பெரும்பாலும் செத்துப்போகும்.

பக்கத்தைத் திருப்புவதும் அப்படித்தான், 90, 180, 270 என்று ஒரு எண் குறிக்கப்படுகிறது, அவ்வளவே. ஆகவே இரண்டு மூன்று டிகிரி சாய்ந்து வந்த ஸ்கேனை இதில் நேராக்க முடியாது. அதற்கு ஸ்கேன் டெய்லர் மாதிரி ஒன்றை முதலிலேயே பயன்படுத்திவிட்டு இங்கே வாருங்கள்.

ஓரத்தை வெட்டும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு பக்கமும் எத்தனை சதவீதம் வெட்டுவது என்று கொடுக்கலாம், ஸ்கேனின் கறுப்பு ஓரங்களை எடுக்க அருமையாக இருக்கிறது. ஆனால் வெட்டிய பகுதி கோப்பிலிருந்து அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். எல்லையை மாற்றி யார் வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பார்க்கலாம். எனவே கணக்கு எண்ணையோ முகவரியையோ மறைக்க தயவுசெய்து இதை நம்பாதீர்கள். இன்னொன்று, டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்பில் பக்கத்தைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். இந்த மென்பொருள் என்றில்லை, எதில் செய்தாலும் அப்படித்தான். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பெயரில் சேமியுங்கள்.

பக்கத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த இது உதவாது, எழுத்தைத் தேடக்கூடியதாகவும் மாற்றித் தராது. எழுத்தைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து பார்க்கலாம், ஆங்கிலம் ஓரளவு தாங்கும். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பிடிஎஃப் என்பது எந்த வடிவத்தை எங்கே வரைவது என்பதற்கான குறிப்புதான், நாம் தட்டச்சு செய்த வரிசை அதில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மூல ஆவணம் கையில் இருந்தால் அதில் திருத்தி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக எடுத்து, இங்கே பழையதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைப்பதுதான் நான் கண்ட நல்ல வழி.

கடைசியாகக் கோப்பின் பண்புகளுக்குள் போய், ஸ்கேனர் எழுதி வைத்திருந்த எதையோ அழித்துவிட்டு, ஆசிரியர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். அதையும் இதிலேயே செய்யலாம்.