பார்மசி படிக்க எங்கே சேர்ப்பது: சென்ட்ரலா, போரூரா, துரைப்பாக்கமா?

பெரம்பூரில் இருக்கும் அக்கா மகளுக்கு பார்மசி சீட் தேடி இந்த மே மாதம் முழுக்க அலைந்தோம். கடைசியில் கையில் நின்றது மூன்று பெயர்கள்: சென்ட்ரலுக்கு எதிரே எம்.எம்.சி. (சென்னை மருத்துவக் கல்லூரி), போரூர் ராமச்சந்திரா, துரைப்பாக்கம் சி.எல். பைத் மேத்தா. நானும் பி.பார்ம் படித்து மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், இந்தத் தேடலில் எனக்குப் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பி.பார்முக்குப் பாடத்திட்டம் வகுப்பது பி.சி.ஐ. எனும் இந்திய பார்மசி கவுன்சில், அதனால் எங்கே சேர்ந்தாலும் அதே 4 வருடம், அதே 8 செமஸ்டர். எம்.எம்.சி., பைத் மேத்தா இரண்டுமே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் தேர்வுத்தாளும் பட்டமும் ஒன்றுதான். ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தேர்வு, கட்டணம், சேர்க்கை எல்லாம் அவர்களுடையது.

எம்.எம்.சி. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம் என்பேன். கட்டணத்தைத் தனியாரோடு ஒப்பிடவே முடியாது, அதே வளாகத்தில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது, பெரம்பூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். சிக்கல் கட்-ஆஃப்தான். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும், ஆனால் சீட் குறைவு. கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் அரை மதிப்பெண்ணுக்குக் கூட இடம் தவறும்.

பைத் மேத்தாவில் அரசு ஒதுக்கீட்டு இடம் அதே கலந்தாய்வில் வரும், நிர்வாக ஒதுக்கீடும் உண்டு. 1992-இல் தொடங்கியது, அதனால் படித்து வெளியே போன சீனியர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். எங்களுக்குப் பயணம்தான் பெரிய இடைஞ்சல். தினமும் ஓ.எம்.ஆர். நெரிசலில் போய் வந்து, ராத்திரி உட்கார்ந்து பார்மகாலஜி (மருந்தியல்) படிக்கத் தெம்பு இருக்க வேண்டுமே.

இதற்கு நடுவில், பட்டியலிலேயே இல்லாத ஒரு புறநகர்க் கல்லூரிக்கும் போனோம். பளிங்குத் தரை, ஏ.சி. போட்ட அலுவலகம். லேபில் மருந்தின் கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி நின்றது. கருவியை எப்போது ஓட்டினார்கள் என்று குறித்து வைக்கும் லாக் புக் பக்கத்தில் இருந்தது, புரட்டினேன், கடைசிப் பதிவு போன ஆகஸ்டு. மாத்திரை அழுத்தும் இயந்திரத்தின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையில் விரல் வைத்தால் தூசியில் கோடு விழுந்தது. கட்டணம் கட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிற பெற்றோரை நினைத்து எனக்கு மனசு கனத்துப் போனது. தயவுசெய்து எந்தக் கல்லூரிக்குப் போனாலும் லாக் புக்கைக் கேளுங்கள், முடிந்தால் மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்றிடம் தனியாகப் பேசுங்கள்.

அப்புறம் ராமச்சந்திரா. அங்கே பி.பார்மை விட ஃபார்ம்.டி.க்குத்தான் (டாக்டர் ஆஃப் பார்மசி) நான் முன்னுரிமை கொடுப்பேன். 2008-இல் வந்த படிப்பு இது, 5 வருடம் பாடம், 1 வருடம் இன்டர்ன்ஷிப். குறைந்தது 300 படுக்கை கொண்ட மருத்துவமனை தொடர்பு இருக்க வேண்டும் என்பது பி.சி.ஐ. விதி. எங்கோ ஒப்பந்தம் போட்டு வாரத்துக்கு ஒரு நாள் வேனில் கூட்டிப்போவதும், படியிறங்கினால் வார்டு இருப்பதும் ஒன்றல்ல. நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு மருந்தும் சேரலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பழகுவதில்தான் அந்தப் படிப்பே இருக்கிறது. ஆனால் 6 வருடக் கட்டணம் கட்ட வேண்டும், கல்விக் கடன் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஆகாது. டிரக் இன்ஸ்பெக்டர் தேர்வோ மருந்துக் கம்பெனி வேலையோதான் குறி என்றால் பி.பார்மே போதும், அவ்வளவு செலவு தேவையில்லை.

அவளையே கேட்டோம். "சித்தி, எனக்கு லேப்தான் பிடிக்கும், வார்டு வேண்டாம்" என்றாள். அதோடு போரூர் கழிந்தது. எம்.எம்.சி. முதல் விருப்பம், பைத் மேத்தா இரண்டாவது. அது கிடைத்தால் துரைப்பாக்கத்திலேயே ஹாஸ்டல் பார்க்க அக்கா ஒத்துக்கொண்டுவிட்டாள்.