வாட்ஸ் குறைந்தால் சத்தம் குறையாது: கிதார் ஸ்பீக்கர் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் வாசிக்கச் சத்தம் குறைவான கிதார் ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போன மாதம் 8,500 ரூபாயையும், நல்ல நிலையில் இருந்த என் ஒரிஜினல் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பறிகொடுத்தேன்.

என்னிடம் இருப்பது ஃபெண்டர் புளூஸ் ஜூனியர், நான்காம் பதிப்பு. 15 வாட்ஸ் வால்வ் ஆம்ப், அதாவது வால்வ் எனும் கண்ணாடிக் குழாய்களால் கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. உள்ளே 12 அங்குலத்தில் செலஸ்டியன் ஏ-டைப் ஸ்பீக்கர், 8 ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை, ஆம்ப் கேட்கும் அளவோடு அது பொருந்த வேண்டும்). வெறும் 15 வாட்ஸ்தானே என்று நினைக்க வேண்டாம். பாதி வால்யூம் வைத்தாலே டிரம்ஸோடு போட்டி போடும். நான் இருப்பது பெரம்பூரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. கீழ் வீட்டில் எண்பது வயதுப் பாட்டி. ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் மட்டும் விட்டுடுப்பா, கொஞ்சம் கண்ணசருவேன்" என்றுதான் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

வால்யூமை 1-க்குக் கீழே வைத்தால் ஆம்ப்பின் உயிரே போய்விடுகிறது. ஸ்பீக்கரை மாற்றினால் சத்தம் குறையும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன். ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் சந்து ஒன்றுக்குப் போனேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை.

கடைக்காரர் விஷயத்தைக் கேட்டவுடனே உள்ளே போய் ஒரு ஸ்பீக்கரை எடுத்து வந்தார். பின்னால் மேக்னட்டுக்குப் பச்சை நிற பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் செலஸ்டியன் ஸ்டிக்கர். "கிரீன்பேக் சார், 25 வாட்ஸ்தான். உங்களோடது 50 வாட்ஸ். பாதிக்குப் பாதி சத்தம் குறையும்" என்றார். கிரீன்பேக் என்பது செலஸ்டியனின் பெயர்பெற்ற மாடல். அவர் சொன்னது எனக்கு நியாயமான கணக்காகவே பட்டது. என் ஆம்ப்பிலேயே மாட்டிக் காட்டினார். வெளியே ஹாரன் சத்தம், பக்கத்துக் கடையில் யாரோ ஹோம் தியேட்டர் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே என் கிதார் மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. "இதுதான் சார் வார்ம் டோன்" என்றார். கூர்மை போன சத்தத்தை, குறைந்த சத்தம் என்று நம்பிவிட்டேன். நான் ஏமாந்த இடம் அதுதான்.

விலை 11,000. பழைய ஸ்பீக்கரைக் கொடுத்தால் 2,500 கழித்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்தேன். மீதி 8,500-ஐ ரொக்கமாக வாங்கிக்கொண்டு, 'ஸ்பீக்கர் 12 இன்ச்' என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார். ஜிஎஸ்டி எண், பிராண்டு, ஓம்ஸ் எதுவும் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து சாயந்திரம் அமைதியான அறையில் வாசித்தபோதுதான் தெரிந்தது. தடித்த ஈ தந்தியைத் தொட்டாலே 'கர்ர்' என்று காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். போனில் டெசிபல் பார்க்கிற செயலியை எடுத்தேன். பாட்டி சொன்ன நாளில் ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தபோது 94 காட்டியிருந்தது. இப்போது அதே இடம், அதே வால்யூம், 93. மறுநாள் படிக்கட்டில் பாட்டியைப் பார்த்தேன். "என்னப்பா, இப்பல்லாம் தரையே அதிருது?" என்றார். மேல்ஸ்தாயி மங்கி பேஸ் மட்டும் தூக்கலாக இருக்கும் ஸ்பீக்கர் நமக்கு மெதுவாகத் தோன்றும். ஆனால் சுவரையும் தளத்தையும் தாண்டிப் போவதே அந்த பேஸ்தான். குறைக்கப்போய், பாட்டிக்குத் தொல்லையைக் கூட்டியிருக்கிறேன்.

அதே சந்தில் வால்வ் ஆம்ப் பழுது பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். முதலில் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 3.4 காட்டியது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் 6-லிருந்து 7 வரை காட்டும். இது 4 ஓம்ஸ். 8 ஓம்ஸ் கேட்கிற வால்வ் ஆம்ப்பில் இதை மாட்டினால் அவுட்புட் வால்வுகளுக்குச் சுமை கூடும். அடுத்து இரண்டு கை விரல்களையும் கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பு) மேல் சமமாக வைத்து மெல்ல அழுத்தி விட்டார். உள்ளே 'சரக், சரக்' என்றது. கோனை அசைக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், மேக்னட்டின் இடுக்கில் உரசுகிறது. பச்சை மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். அது மேக்னட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தது. அடியில் சுரண்டி எடுத்த பழைய லேபிளின் ஓரங்கள் அப்படியே இருந்தன. "இது ஃபங்ஷன் பாக்ஸ்ல ஓடின ஸ்பீக்கர் தம்பி. காயில் எரிஞ்சிருக்கும், வேற காயிலும் கோனும் போட்டு ரீகோன் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. கோன் ஓரத்தைப் பாரு, துணி. கிரீன்பேக்ல கோனோட காகிதமே மடிஞ்சு ஓரம் வரைக்கும் வரும்" என்றார்.

சரி, அது அசல் கிரீன்பேக்காகவே இருந்திருந்தால்? அப்போதும் ஏமாந்திருப்பேன். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது எரியாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். சத்தத்தைச் சொல்லும் எண் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 25 வாட்ஸ் கிரீன்பேக்குக்கு 98. அதே செலஸ்டியனின் 60 வாட்ஸ் மாடலான 'விண்டேஜ் 30'-க்கு 100. வாட்ஸில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், சத்தத்தில் இரண்டே டெசிபல். ஆம்ப்பின் பவரைச் சரிபாதியாக்கினால்கூட 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது கொஞ்சம்தான். பாதிச் சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அதாவது 15 வாட்ஸ் ஒன்றரை வாட்ஸாக வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் மாற்றத்தில் அது நடக்காது. மூன்று நான்கு டெசிபல் கிடைத்தாலே அதிர்ஷ்டம். எமினன்ஸ் நிறுவனம் ரெயின்மேக்கர் என்ற ஸ்பீக்கரில் பின்பக்கம் ஒரு திருகு வைத்து 9 டெசிபல் வரை குறைக்க வழி செய்திருந்தது. நண்பர் சொன்னது அந்த வகைக்குப் பொருந்தும். அதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "மாட்டிட்டுப் போன சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார், நீங்க வாசிச்சுப் பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்றார். என் பழைய ஸ்பீக்கரைக் கேட்டேன். அன்றைக்கே விற்றுவிட்டதாகச் சொன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கையில் இருப்பது துண்டுச் சீட்டு மட்டும் என்பதால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோனை நீங்களே அழுத்திப் பாருங்கள். மேக்னட் மூடியை அசைத்துப் பாருங்கள். பிராண்டும் ஓம்ஸும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லையென்றால் வேண்டாம். பழைய ஸ்பீக்கரை எக்காரணம் கொண்டும் அன்றைக்கே கொடுக்காதீர்கள், ஒரு மாதமாவது பரணில் கிடக்கட்டும்.

இப்போது 8 ஓம்ஸில் புது ஸ்பீக்கர் ஒன்றைப் பில்லோடு வாங்கி மாட்டியிருக்கிறேன். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர், அதாவது ஆம்ப்பின் பவரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மீதியை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும் கருவி. அதுவும் 8 ஓம்ஸாக, ஆம்ப்பின் வாட்ஸைவிடக் கூடுதலாகத் தாங்குவதாக இருக்க வேண்டும், அண்ணன் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி, தடித்த ஃபோம் போட்ட முக்காலியில் வைத்திருக்கிறேன். பாட்டியிடம் போய்க் கேட்டேன். "நீ வாசிக்கிறியா என்ன?" என்றார்.

என் பழைய ஏ-டைப் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில், ஒரு திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய நீளமான கீறல் இருக்கும். சென்னையில் யாராவது போன மாதம் அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் கொடுத்த விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.