ஃபவுண்டரியில் இருந்துகொண்டே எம்.பி.ஏ.: இரண்டு வருடமும் நாலேகால் லட்சமும்

கோவையில் ஒரு ஃபவுண்டரியில், அதாவது இரும்பு வார்ப்பு ஆலையில், பதினாறு வருடமாக வேலை. மணல் அச்சு செய்யும் மோல்டிங்கில் தொடங்கி, இரும்பு உருக்கும் மெல்டிங் பார்த்து, இப்போது உற்பத்தி மேலாளர். முப்பத்தொன்பது வயதில் ஊரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் பகுதி நேர எம்.பி.ஏ. சேர்ந்து முடித்துவிட்டேன். என் வயதில், என் மாதிரி வேலையில் இருப்பவர்கள் "சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து மாலை வரை வகுப்பு, ஞாயிறு முழு நாள். கட்டணம் 3,80,000 ரூபாய். தேர்வுக் கட்டணம், புத்தகம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து நாலேகால் லட்சம் ஆனது. பாதிக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினேன். வருமான வரியில் பழைய முறையில் இருப்பதால் 80இ பிரிவில் வட்டிக்குக் கழிவு கிடைத்தது. புதிய முறைக்குப் போனவர்களுக்கு அது கிடையாது.

கொடுத்த பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது ஒரே ஒரு பாடம்: செலவுக் கணக்கியல். கற்பித்தவர் ஒரு காஸ்ட் அக்கவுண்டன்ட், ஆலைகளில் வேலை பார்த்தவர். "உங்க கம்பெனி கணக்கையே எடுத்துட்டு வாங்க" என்றார். நான் இரண்டு காஸ்டிங்குகளின் (வார்ப்புப் பொருள்களின்) கணக்கைக் கொண்டுபோனேன். ஒன்று 18 கிலோ மோட்டார் பாடி. விற்பனை விலையில் மூலப்பொருள் போன்ற மாறும் செலவுகள் போக 360 ரூபாய் நிற்கும். இன்னொன்று 9 கிலோ வால்வ் பாடி, அதில் 270 ரூபாய். வருடக்கணக்காக நாங்கள் மோட்டார் பாடிக்குத்தான் முதலிடம் கொடுத்து வந்தோம். பீஸுக்கு 90 ரூபாய் அதிகம் அல்லவா?

அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்க ஆலையில எது பத்தாம கிடக்கு?" ஃபர்னஸ், அதாவது உருக்கும் உலைதான். ஆர்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, உருக்கும் இரும்பு போதவில்லை. அப்படியானால் பீஸுக்கு எவ்வளவு என்று பார்க்கக் கூடாது, கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மோட்டார் பாடியில் கிலோவுக்கு 20 ரூபாய், வால்வ் பாடியில் 30. அதே இரும்பை ஊற்றிக்கொண்டே கிலோவுக்குப் பத்து ரூபாயை விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதை யாரும் இத்தனை நாளா சொல்லலையே தம்பி" என்றார். அந்த மாதமே வால்வ் பாடி ஆர்டரைக் கூட்டினோம்.

ரிஜெக்‌ஷனைப் பார்க்கும் பார்வையும் அதோடு மாறியது. ப்ளோ ஹோல் (உள்ளே வாயு சிக்கி ஏற்படும் ஓட்டை) விழுந்த பீஸை மறுபடி உருக்கிவிடலாம், நஷ்டம் கரண்டும் மணலும் கூலியும்தான் என்று நினைத்திருந்தேன். ஃபர்னஸ் பத்தாத ஆலையில் அது தவறு. கெட்டுப்போன ஒவ்வொரு பீஸும் ஒரு நல்ல பீஸின் இடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது, அதில் வரவேண்டிய 270 ரூபாயும் சேர்ந்து போகிறது. இதைக் கணக்காகக் காட்டிய பிறகுதான் மணல் பரிசோதனைக் கருவிக்கு நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பணம் வந்தது.

நிதி மேலாண்மையும் உதவியது. உருக்க வாங்கும் பழைய இரும்பு ஸ்கிராப்புக்கு நாங்கள் கையில் காசு கொடுக்கிறோம், வாடிக்கையாளர் பணம் வர எழுபது எண்பது நாள் ஆகிறது. நடுவில் ஓவர் டிராஃப்ட் வட்டி ஓடுகிறது. உயர் அழுத்த மின்சாரத்துக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரவு ஷிஃப்டுக்கு ஆள் கூலி எவ்வளவு கூடினால் அந்த மிச்சம் கரைந்துவிடும் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தது இந்தப் படிப்புக்கு அப்புறம்தான்.

மற்றவை? மார்க்கெட்டிங், மனிதவளம் இரண்டிலும் ஸ்லைடை அப்படியே வாசித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது பெரிய வீணடிப்பு, எனக்குக் கோபமே வந்தது. குழு புராஜெக்டில் ஐந்து பேரில் இருவர்தான் வேலை செய்தோம். வேலைவாய்ப்புப் பிரிவு முழு நேர மாணவர்களுக்கு மட்டும் என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். பணம் கட்டும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதவி உயர்வு வரவில்லை. சம்பளம் எப்போதும் போல் ஏறியது, அவ்வளவுதான். பட்டத்துக்காக ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டில் மனைவிதான் தனியாகச் சுமந்தார். மகள் பத்தாம் வகுப்பு. அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, டியூஷன் அக்கா. அந்த இழப்பை எந்தத் தாளிலும் எழுத முடியாது, ஆனால் அது உண்மையான செலவு.

ஆகவே என் கருத்து: விலை, ஆர்டர், இயந்திரம் வாங்குவது பற்றிய பேச்சில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தால் சேருங்கள். சனிக்கிழமை படித்ததை திங்கட்கிழமை பயன்படுத்தலாம். துறை மாறி வேறு வேலைக்குத் தாவ வேண்டும் என்றால் இந்த மாதிரிக் கல்லூரி போதாது. ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.எம். பெங்களூரு நடத்தும் வார இறுதிப் படிப்புகள் இருக்கின்றன. கட்டணம் பல மடங்கு, ஆனால் அங்கே பக்கத்து இருக்கையில் உட்காருபவர்களின் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். ஆன்லைன் என்றால், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022லேயே சொல்லிவிட்டது. விளம்பரத்தை நம்பாமல், அந்தப் பாடப்பிரிவு அந்த வருடத்துக்கு யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் ஆலையில் மெத்தட்ஸ் (வார்ப்பு முறையைத் திட்டமிடும் வேலை) பார்க்கும் தம்பி ஒருவன், முப்பத்திரண்டு வயது, போன வாரம் விண்ணப்பப் படிவத்தோடு வந்து, "கட்டிடட்டுங்களாண்ணா?" என்றான். முதலில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டெல்லில் காஸ்ட் அக்கவுண்டிங் படி, பார்க்க இலவசம், தேர்வு எழுத ஆயிரம் ரூபாய்தான் என்றேன். முடித்துவிட்டு நம் ஆலையின் ஏதாவது ஒரு காஸ்டிங்குக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வா, அப்புறம் படிவத்தை நிரப்பலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். 24 கிலோ பம்ப் கேசிங்கை எடுத்திருக்கிறான். நேற்று மெல்டிங் லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.