உப்புக்காற்றில் நான்கு ஆண்டுகள்: நானே பெயின்ட் அடித்த வாசல் கேட்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2021 பிப்ரவரியில் எங்கள் இரட்டைக் கதவு இரும்பு கேட்டை நானே தேய்த்து பெயின்ட் அடித்தேன். நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. வலக்கதவு இன்றும் நன்றாக இருக்கிறது. இடக்கதவில் இரண்டாம் ஆண்டிலேயே கொப்புளம் கிளம்பிவிட்டது. இரண்டுக்கும் அடித்தது ஒரே ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), ஒரே டப்பா எனாமல்.

வலக்கதவைத் தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவினேன். எங்கள் போர் தண்ணீர் உவர்ப்பு என்பதால் குடிதண்ணீரையே எடுத்தேன். வெயிலில் காய்ந்ததும் லேசாகப் பூத்த துருவை மறுபடி தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். இடக்கதவுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. காய்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டிவிட்டு பிரைமர் பூசினேன். துருக்குழிக்குள் தங்கிய உப்பு கண்ணுக்குத் தெரியாது. அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடியில் துரு வளர்ந்து மேல்பூச்சைத் தூக்கிவிடும்.

முதலில் கம்பி பிரஷ், பிறகு 80, 120, 220 எண் என்று வரவர நைசான உப்புத்தாள். கண்ணாடிபோல் வழவழப்பாக்கக் கூடாது. பிரைமர் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். பழைய பூச்சு அப்பா காலத்தது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பூச்சில் நச்சான ஈயம் கூடுதலாக இருக்கலாம் என்பதால் முகக்கவசம் அணிந்து, பூச்சைத் தண்ணீர் தொட்டே தேய்த்தேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பெயின்டை மெஷின் வைத்து உலர்வாகத் தேய்க்காதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன்.

வலக்கதவிலும் குறை உண்டு. கூரான விளிம்புகளிலும் வெல்டிங் பற்றுகளிலும் பழுப்புக் கோடு தெரிகிறது. விளிம்பில் பெயின்ட் நிற்காமல் மெலிந்துவிடும்; அங்கே முதலில் தனியாக ஒரு பூச்சு கொடுத்திருக்க வேண்டும். கீழ்ச்சட்டம் உள்ளே குழாய். மழைநீர் தேங்கி உள்ளிருந்தே அரித்தது. போன ஆண்டு அடியில் சிறு துளை போட்டேன், தண்ணீர் வடிந்துவிடுகிறது.

மேற்கு வெயில் படும் பக்கம் கரும்பச்சை வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறது. துரு இல்லாதவரை எனக்கு அது பெரிதில்லை.

இன்று காலை இடக்கதவைக் கழற்றி, வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டேன். மூன்று வாளி குடிதண்ணீரில் கழுவி முற்றத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். வெயில் ஏறிவிட்டது, காய்ந்ததும் இன்றே பிரைமர்.