தட்டுவது குறைந்தது, படிப்பது கூடியது: ஏஐ கோடிங் கருவிகளோடு சில வருடங்கள்

முதல் வார உற்சாகத்தில் எழுதப்பட்ட ஏஐ கருவி விமர்சனங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இது அந்த ரகம் இல்லை. எழுத எழுத அடுத்த வரிகளைப் பரிந்துரைக்கும் கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்து, மறுவருடம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட காலத்திலிருந்து, ஏதாவது ஒரு ஏஐ கருவி என் எடிட்டரிலோ டெர்மினலிலோ இருந்துகொண்டேதான் இருக்கிறது. நான் செய்வது பேக்எண்ட் வேலை: பைத்தான், போஸ்ட்கிரெஸ், கொஞ்சம் டைப்ஸ்கிரிப்ட். பலர் கைபட்ட, எனக்கு முன்பே வயதாகிவிட்ட கோட்பேஸ். புதிதாக ஒரு ஆப்பை வாரக் கடைசியில் கட்டிப் பார்ப்பவருக்கு இதே கருவி வேறு முகம் காட்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு முதலிலேயே: இனி இவை இல்லாமல் வேலை செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அதற்கு நான் வைத்திருக்கும் காரணம், மேடையில் சொல்லப்படும் காரணத்தோடு ஒத்துப்போகாது. தட்டச்சு செய்யும் நேரம் வெகுவாகக் குறைந்தது. படித்துச் சரிபார்க்கும் நேரம் கூடிவிட்டது. வந்த விடை சரியா தவறா என்று சட்டெனத் தெரிந்துவிடும் வேலைகளில் கொள்ளை லாபம். அப்படித் தெரியாத வேலைகளில், நானே எழுதியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

ஆட்டோகம்ப்ளீட் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கர்சருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் நான்கு வரி தோன்றும். டேப் தட்டினால் உள்ளே வந்துவிடும். ஒரே மாதிரியான சீரியலைசர்கள், எஸ்கியூஎல் நெடுவரிசைப் பட்டியல்கள், டெஸ்ட் தரவு இதற்கெல்லாம் அருமை. கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடத்தில்தான் தொல்லை. பாதி யோசனையில் இருக்கும்போது எதிரே வேறொரு யோசனை முழு வாக்கியமாக வந்து நின்றால், நம்முடையது கலைந்துவிடுகிறது. இப்போது அதை அணைத்தே வைத்திருக்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் கொஞ்ச காலம் ஜன்னலுக்கு ஜன்னல் கோட் வரிகளை நகல் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்ததும் நடந்தது. அதை ஒரு கட்டம் என்று கணக்கில் சேர்ப்பதே அதிகம்.

உண்மையான மாற்றம் ஏஜென்ட்கள் வந்தபிறகுதான். கர்சர் போன்ற எடிட்டர்கள், 2025 பிப்ரவரியில் வந்த கிளாட் கோட் போன்ற டெர்மினல் கருவிகள் என இவை தாங்களே கோப்புகளைத் திறந்து படிக்கும், கட்டளைகளை ஓட்டும், டெஸ்ட் (கோட் சரியா என்று சோதிக்கும் சின்ன கோட்) தோற்றால் திரும்ப முயலும். அதே பிப்ரவரியில்தான் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்ற பெயரை வைத்தார். கோட் வரிகளைப் பார்க்காமலேயே, வருவதை எல்லாம் ஏற்றுக்கொண்டு போவது. தூக்கி எறியக்கூடிய வாரக்கடைசி வேலைகளுக்கு இது மோசமில்லை என்ற அளவில்தான் அவர் அன்று எழுதினார். பிறகு அந்தப் பெயர் பட்டபாடு அவர் பொறுப்பல்ல.

ஏஜென்ட் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெரிய லாபம் கோட் எழுதியதில் இல்லை, தேடியதில். ஒரு மாதாந்திர அறிக்கையில் முதல் நாள் பரிவர்த்தனைகள் சில காணாமல் போய்க்கொண்டிருந்தன. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. பிழையை மறுபடி உண்டாக்கும் ஒரு சின்ன டெஸ்ட்டை நான் எழுதிக் கொடுத்து, 'கிட் பைசெக்ட் ஓட்டி எந்த கமிட்டில் நுழைந்தது என்று கண்டுபிடி' என்றேன். (கமிட் என்பது வரலாற்றில் சேமித்த ஒவ்வொரு மாற்றமும்; பைசெக்ட் அந்த வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும்.) நடுவில் பழைய கமிட்கள் பலவற்றில் சார்பு நூலகங்களின் (நம் கோட் நம்பியிருக்கும், பிறர் எழுதிய கோட்) பதிப்பு ஒத்துப்போகாமல் பில்டே ஆகாது. மனிதனுக்கு அலுப்பு தட்டி விட்டுவிடும் இடம் அதுதான். அது ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பை நிறுவி, ஓட்டி, ஆகாததைத் தாண்டி, கடைசியில் ஒரே ஒரு வரியில் வந்து நின்றது: யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றாமலேயே தேதியாகக் குறுக்கியிருந்த வரி. அந்த வரியைத் திருத்தி டெஸ்ட்டை ஓட்டினால் பச்சை (தேறியது), மறுபடி பழையபடி வைத்தால் சிவப்பு (தோற்றது). சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு கேட்டாலும் சந்தா கட்டலாம்.

இனி மறுபக்கம். எந்தக் கருவி என்று பெயர் சொல்லப் போவதில்லை. அந்த நேரத்தில் எதுவாக இருந்தாலும் இதையேதான் செய்திருக்கும்.

பட்டியல் பக்கத்தில் தலைப்பு நீளமாக இருந்தால் வெட்டி மூன்று புள்ளி போட வேண்டும். சில்லறை வேலை. ஏஜென்ட் சரத்தின் முதல் 40 யூனிகோடு குறியீடுகளை எடுக்கும் ஒரு வரியை எழுதியது; கூடவே டெஸ்ட்களும். எல்லாம் பச்சை. டெஸ்ட்டில் இருந்த தலைப்புகள் எல்லாமே ஆங்கிலம். எங்கள் தரவில் பாதி தமிழ். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் அதுவே 15 பைட். நடுவில் வெட்டு விழுந்தால் 'தமிழ்' 'தமிழ' ஆகும், 'கல்வி' 'கல்வ' ஆகும். திரையில் கட்டம் கட்டமாக உடைந்தாலாவது யாராவது கவனிப்பார்கள். இது எழுத்துப்பிழை மாதிரி சாதுவாக உட்கார்ந்திருக்கும். எழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று படிப்பவர் நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

ரிவ்யூவில் இதைச் சுட்டிக்காட்டியதும் ஏஜென்ட் என்ன செய்தது தெரியுமா? குறியீடு வேறு, பயனர் பார்க்கும் எழுத்து வேறு என்று அழகாக விளக்கி, கிராஃபீம், அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து, கணக்கில் வெட்டும்படி மாற்றிக் கொடுத்தது. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், ஆகவே தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னது. எல்லாம் சரி. (அந்தக் கணக்கிலும் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் நடுவில் பிரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. போகட்டும்.) ஆக, விஷயம் அதற்குத் தெரிந்தே இருந்தது. இந்தத் தலைப்புகள் எந்த மொழியில் இருக்கும் என்ற ஒரு கேள்வி மட்டும் தோன்றவில்லை. நல்ல சக பணியாளர் வேலையைத் தொடுவதற்கு முன்னால் கேட்டிருப்பார். இது கேட்காது, வேலையை முடித்துவிட்டு, வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சைக் குறியும் போட்டுக் காட்டும்.

தோற்கும் டெஸ்ட்டைச் சரிசெய் என்றால் டெஸ்ட்டையே தளர்த்திவிடுவது, பிழையைப் பிடித்து விழுங்கும் ஒரு ட்ரை-எக்ஸப்ட் பிளாக்கைச் சுற்றிலும் போட்டு அமைதிப்படுத்துவது, இல்லாத நூலகம் ஒன்றை மிகப் பொருத்தமான பெயரோடு இறக்குமதி செய்வது, இவையெல்லாம் அநேகமாக எல்லோரும் பார்த்தவை. கடைசியாகச் சொன்னது வேடிக்கை மட்டுமல்ல. ஏஐ அடிக்கடி கற்பனை செய்யும் பெயரில் ஒரு விஷமி உண்மையிலேயே தொகுப்பைப் பதிவேற்றி வைத்துவிட்டால், நிறுவும் கட்டளையோடு கதை முடிந்தது. அதனால் புதிய சார்பு சேர்ப்பதற்கு மட்டும் ஏஜென்ட்டுக்கு அனுமதியே கொடுப்பதில்லை.

இந்தப் பின்னணியில் துறைத் தலைவர்கள் பேசுவதைக் கேட்டால்தான் சுவாரசியம். 2024 பிப்ரவரியில் துபாயில் என்விடியா நிறுவனத்தின் ஜென்சன் ஹுவாங், இனி யாரும் புரோகிராமிங் கற்க வேண்டியதில்லை, மனித மொழியே போதும் என்ற தொனியில் பேசினார். சிப் விற்பவர் வேறெப்படிப் பேசுவார்? தமிழில் கட்டளை கொடுத்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே புரிந்துகொள்கிறது. ஆனால் மேலே சொன்ன வெட்டும் வேலையைத் தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும், சிக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மொழியில் சொல்கிறோம் என்பது அந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி.

2025 மார்ச்சில் கிளாட் கோடை உருவாக்கிய ஆந்த்ரோபிக்கின் டாரியோ அமொடெய், மூன்று முதல் ஆறு மாதத்தில் கோடில் 90 சதவீதத்தை ஏஐ எழுதும், ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எழுதும் என்றார். இதைக் கிண்டல் செய்வோர் நிறைய. எனக்கு அந்த எண்ணோடு சண்டை இல்லை. என் சில கிளைகளில் (பிரதான கோடிலிருந்து பிரித்து வேலை செய்யும் நகல்களில்) அதைவிடவும் அதிகமாகவே அது எழுதியிருக்கும். வரியை எண்ணுவதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. வரியை யார் தட்டினார் என்பது இந்தத் தொழிலில் எப்போதும் மலிவான கேள்விதான். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யார் எழுந்து வருவார் என்பதே விலையுள்ள கேள்வி. அதற்கு யாரும் சதவீதம் சொல்லவில்லை.

சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில் கூகுளின் புதிய கோடில் கால் பங்குக்கு மேல் ஏஐ உருவாக்கியது என்று சொன்னபோது, அதைப் பொறியாளர்கள் பரிசீலித்து ஏற்கிறார்கள் என்றும் அதே வாக்கியத்திலேயே சொன்னார். தலைப்புச் செய்திகளில் முதல் பாதி மட்டும் நின்றது. எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியச் செய்தி. அந்தப் பரிசீலனைக்கு எத்தனை மணி நேரம் போகிறது, மூத்த பொறியாளரின் நாளில் அது எவ்வளவைத் தின்கிறது என்று காலாண்டு அறிக்கையில் ஒரு வரி வந்தால், வேறு எந்தத் தலைவரின் கணிப்பையும் விட அதைக் கவனமாகப் படிப்பேன்.

பேச்சில் எனக்கு நம்பிக்கை வருவது திறந்த மூல மென்பொருளைப் பராமரிப்பவர்களிடம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2024இல் ஏஐ என்பது 90 சதவீதம் விளம்பரம், 10 சதவீதம் நிஜம் என்றார். அதே மனிதர் 2026 தொடக்கத்தில் தன் பொழுதுபோக்குத் திட்டம் ஒன்றில், ஒலியைப் படமாகக் காட்டும் பைத்தான் கருவியை வைப் கோடிங்கில் செய்ததாக ரீட்மி எனும் அறிமுகக் கோப்பிலேயே எழுதி வைத்தார். தனக்குப் பைத்தான் அவ்வளவாகத் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை. படம் சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். தவறினால் யாருடைய இயந்திரமும் நிற்கப் போவதில்லை. லினக்ஸின் உட்கருவான கெர்னல் அப்படியா?

இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. ஏஐ எழுதிய, கேட்க நம்பும்படியான, உள்ளே ஒன்றுமில்லாத பாதுகாப்புப் புகார்கள் அவர் குழுவைப் பல மாதங்கள் அலைக்கழித்தன. கடைசியில் 2026 ஜனவரியோடு பிழை கண்டுபிடிப்போருக்குத் தரும் சன்மானத்தையே நிறுத்தினார்கள். அதற்கு முன், 2025இல், விஷயம் தெரிந்த ஒருவர் ஏஐ கருவிகளைக் கொண்டு தேடி அனுப்பிய பட்டியலில் உண்மையான பிழைகள் பல இருந்தபோது, அதையும் மனதாரப் பாராட்டினார். வெறுப்பாளர், ரசிகர் என்று அவரை எந்தப் பக்கமும் தள்ள முடியாது. வந்து விழும் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிக்க வேண்டியவர் அவர். அதனால்தான் அவர் கணக்கு சரியாக இருக்கிறது.

படிப்பதன் செலவு நம் கண்ணுக்கே தெரிவதில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. 'மீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனையில், தங்களுக்கு நன்கு பழகிய திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்த 16 அனுபவசாலிகள், ஏஐ அனுமதிக்கப்பட்ட பணிகளில் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். சிறிய மாதிரி, அன்றைய மாடல்கள், சரிதான். இன்று அதே சோதனையில் வேறு எண் வரலாம். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை நான் பலமுறை எனக்குள்ளேயே உணர்ந்திருக்கிறேன். திரையில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும்போது நாமும் வேலை செய்வதாகத் தோன்றுகிறது. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2025 கணக்கெடுப்பிலும் 84 சதவீதம் பேர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் அல்லது பயன்படுத்தப் போகிறார்கள். விடைகளின் துல்லியத்தை நம்பாதவர்கள் 46 சதவீதம். நம்பாமலே பயன்படுத்துவது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

இப்போது எப்படி வேலை செய்கிறேன் என்றால், டெஸ்ட்டில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதை நான் எழுதுகிறேன், டெஸ்ட் கோப்புகளில் ஏஜென்ட் கை வைக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன் திட்டத்தைச் சொல்லச் சொல்கிறேன். பாதி நேரம் திட்டத்தைப் படிக்கும்போதே கோளாறு தெரிந்துவிடுகிறது. ஒரே மூச்சில் படிக்க முடியாத அளவுக்கு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்தால், உள்ளே என்ன இருந்தாலும் திருப்பி அனுப்புகிறேன். எழுதியது மனிதரா இயந்திரமா என்று பார்ப்பதில்லை. டேட்டாபேஸ் மைக்ரேஷனை (அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் கோட்) ஏஜென்ட் எழுதலாம், ஓட்டக் கூடாது. ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ஏஜென்ட்டுக்காக வைத்திருக்கும் வழிகாட்டிக் கோப்பு முதலில் பக்கம் பக்கமாக இருந்தது. நீளம் கூடக்கூட ஏஜென்ட் அதைப் பின்பற்றுவது குறைந்ததால், அரைப் பக்கமாகச் சுருக்கிவிட்டேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு இது நல்லதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பிழைச் செய்தியைத் தானே படித்து, தானே ஒரு காரணம் ஊகித்து, பிறகு ஏஜென்ட்டிடம் போகிறவர்கள் வேகமாக வளர்வதைப் பார்க்கிறேன். செய்தியை அப்படியே ஒட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், அடுத்த மாதமும் அதே செய்தியை ஒட்டுகிறார்கள்.

சந்தா இப்போது ஒன்றுதான், டெர்மினல் ஏஜென்ட்டுக்கு. எடிட்டருக்குத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்ததைப் புதுப்பிக்கவில்லை. புது மாடல் வந்தால் தரவரிசைப் பட்டியல்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்தத் தலைப்பு வெட்டும் வேலையை, ஒரு குறிப்பும் தராமல், தமிழ்த் தரவு இருக்கும் அதே ரெப்போவில் கொடுத்துப் பார்ப்பேன். சமீபத்திய சில மாடல்கள் சொல்லாமலேயே கிராஃபீம் கணக்கில் வெட்டுகின்றன. டெஸ்ட்டில் தானாக ஒரு தமிழ்த் தலைப்பைச் சேர்த்தது மட்டும் இதுவரை எதுவுமில்லை.